பதினெட்டு டின்னும் கோயில் சாவியும்

எழுபதுகளின் கடைசியில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஈப்போவில் ஒரு கடையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டங்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கும் கடை அது. நான் சேர்ந்த புதிதில் பால்வெட்டுக் கத்தியும் பால்கோப்பையும்தான் அதிகம் போகும். பிறகு ஒவ்வொரு தோட்டமாக ரப்பரைச் சாய்த்துவிட்டு செம்பனை நட்டார்கள். எங்கள் ஸ்டோரில் கத்திகள் இருந்த தட்டுகளில் களையைக் கொல்லும் புல் மருந்து டின்கள் ஏறின.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் எங்கள் ஊர்க்காரர். செமோர் பக்கம் நாங்கள் இருவரும் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே நின்றது. கோயில் சாமான் அறையின் சாவி இந்த அண்ணனிடம்தான் இருந்தது. குத்துவிளக்கு, வெண்கல மணி, சாமிக்குச் சாத்தும் நகை எல்லாம் அந்த அறைக்குள். சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருப்பார். கடையிலும் அது இடுப்பிலேயே கிடக்கும். தோட்டத்தில் ஆபீஸ் எழுத்தரை கிராணி என்பார்கள் அல்லவா, அதை வைத்து என்னை "கிராணியம்மா" என்று கேலி செய்வார். நான் பதில் பேசத் தெரியாமல் சிரிப்பேன். அப்போதும் இப்போதும் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

எண்பதுகளின் பின்பாதியில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே கணக்குப் புரோகிராம், இரண்டு டிஸ்கெட்டில். அதை விற்க வந்தவர் ஒரு சீன இளைஞர். மலாயில்தான் பேசுவார். பெட்டியை வைத்து எனக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி நாள் முதலாளியிடம் இன்னொரு தாளை நீட்டினார். வருடா வருடம் ஒரு தொகை கட்டினால், குறைகளைச் சரிசெய்த புது டிஸ்கெட் அனுப்புவார்களாம்.

முதலாளி சிரித்தார். "அலமாரி வாங்குனேன். வருஷா வருஷம் தச்சனுக்குக் காசு கொடுத்துக்கிட்டா இருக்கேன்?"

"கரையான் வந்தா தச்சனத்தான் கூப்பிடுவீங்க, தவுக்கே," என்றார் இளைஞர். முதலாளிகளை எங்கள் பக்கம் அப்படியும் கூப்பிடுவார்கள்.

"வரட்டும். வந்தா கூப்பிடுறேன்."

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தலையில் துணி மூட்டை சுமந்து விற்றுக் கடை வைத்தவர். ஒரு பொருளை ஒரு தடவை வாங்கினால் அது தன்னுடையது என்பதுதான் அவருக்குத் தெரிந்த வியாபாரம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஸ்டோர் அண்ணன் கையால் எழுதிவந்த இருப்பு நோட்டை முதலாளி நிறுத்தச் சொல்லிவிட்டார். அண்ணன் என் மேசைப் பக்கம் வந்து, "உன் பெட்டி என் வேலைய எடுத்துக்கிச்சு, கிராணியம்மா. மூட்டையும் அதே தூக்குமா, கேட்டுச் சொல்லு லா," என்றார்.

தைப்பிங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டின்கள் அடிக்கடி திரும்பி வரும். அங்கே மழை விட்டால்தானே புல் மருந்து அடிக்க முடியும். திரும்பி வந்த டின்களுக்கு நான் கம்ப்யூட்டரில் ஒரு ரசீது அடிப்பேன். அடித்தவுடன் அந்த டின்கள் எங்கள் இருப்பில் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொள்ளும். சிக்காவிட்டால் லாரியில் போகும் நகல் மழையில் நனைந்துவிடும். "எழுத்து தெரியல, வேற அனுப்புங்க" என்று தோட்டத்து ஆபீசிலிருந்து போன் வரும். நான் அதே ரசீதை மறுபடி அடித்து அனுப்புவேன்.

ஒரு வருட முடிவில், புதன்கிழமை, முதலாளி ஸ்டோரில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். புல் மருந்து கம்ப்யூட்டரில் அறுபத்தொன்று, ஸ்டோரில் நாற்பத்து மூன்று. மூன்று தடவை எண்ணினார்கள். பதினெட்டு டின் இல்லை. அப்போது அது விலை கூடிய சாமான். வெளியே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு.

"ஸ்டோர் சாவி உன்கிட்டத்தான் இருந்துச்சு," என்றார் முதலாளி.

"ஆமா முதலாளி. ஒரு டின்னும் நான் தொடல."

"அப்ப எங்க போச்சு? நடந்தா போச்சு?"

அண்ணன் ஸ்டோர் சாவியை மேசையில் வைத்தார். கோயில் சாவி மட்டும் பெல்ட்டில் இருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை, போலீசுக்கும் போகவில்லை. "வீட்டுல இரு. எங்க போச்சுன்னு சொல்ல முடிஞ்சா வா," என்றார். அண்ணன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்கோடி வரை போனதை நான் சன்னலில் பார்த்தேன்.

மறுநாள் வேலை ஓடவில்லை. மூன்று மாதத்துக்கு முன் புரோகிராம் கம்பெனியிலிருந்து வந்த ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. புது டிஸ்கெட் வாங்கச் சொல்லி அவர்கள் அவ்வப்போது எழுதுவார்கள். "காசு கேக்குற கடுதாசி, ஃபைல்ல போடு," என்பார் முதலாளி. போட்டுவிடுவேன். அந்தக் கடிதத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் பிரிண்ட் என்ற சொல்லை நான் பார்த்திருந்தேன். எடுத்து, பள்ளிக்கூடத்து அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். பழைய புரோகிராமில் உள்ள குறைகளைத்தான் எழுதியிருந்தார்கள். ஐந்தாவது வரி இது: திரும்பிய சரக்கின் ரசீதை மறுபடி அச்சிட்டால், இருப்பில் அந்தச் சரக்கு மறுபடியும் சேர்ந்துவிடும். புது டிஸ்கெட்டில் இது சரிசெய்யப்பட்டுள்ளது.

ரசீது ஃபைலை எடுத்து, ஒரே எண்ணில் இரண்டு இருந்தவற்றைப் பிரித்தேன். ஒன்றில் நாலு டின், ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஏழு, ஒன்றில் ஐந்து. கூட்டவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கூட்டினேன். பதினெட்டு.

அவர் எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. அந்த டின்கள் என் விரலிலிருந்து வந்தவை.

வெள்ளிக்கிழமை முதலாளி தொழுகைக்குப் போன நேரத்தில், இரண்டு டின்னுக்கான ஒரு பழைய ரசீதை மறுபடி அடித்துப் பார்த்தேன். திரையில் பச்சை எழுத்தில் அறுபத்தொன்று அறுபத்து மூன்றாக மாறியது. பிறகு அதைத் திருத்திப் பழையபடி அறுபத்தொன்று ஆக்கினேன். முதலாளி திரும்பி வந்து, "என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

அப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்து வேலை நின்றிருந்த காலம். வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான். தவறாக அடித்தது நான், கடிதத்தைப் படிக்காமல் ஃபைலில் போட்டதும் நான். அண்ணனுக்குப் பதில் என்னைப் போகச் சொன்னால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். சனிக்கிழமை அரைநாள்தானே, திங்கள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். திருவிழா வேலையைப் பிரிப்பதற்காக என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கடை லாரிக்காரரும் அந்த ஊர்தான். ஆகவே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நான் பெண்கள் பக்கம், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

கோயில் தலைவர் பஸ் ஓட்டுபவர். பேச்சைச் சுற்றி வளைத்துத் தொடங்கினார். "தப்பா எடுத்துக்காத தம்பி. இந்த வருஷம் சாவி வேற ஆள்கிட்ட இருக்கட்டும்."

"ஏன்?" என்றார் அண்ணன்.

"நீயே யோசிச்சுப் பாரு லா. ஊரு பேசுது."

"நான் எடுக்கல. நான் சொல்றேனே, பத்தாதா?"

பின்னால் இருந்து ஒருவர், "மனுசன் பொய் சொல்லலாம் மச்சான், கம்ப்யூட்டர் சொல்லுமா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பக்கமும் பார்த்தார். "இந்தா, நம்ம கிராணியம்மாவும் அங்கதானே வேலை செய்யுது. அதுகிட்ட கேளுங்க, நான் எப்பிடிப்பட்ட ஆளுன்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணன் நல்லவரு," என்றேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. அதற்கு மேல் ஒரே வரிதான் தேவையாக இருந்தது. அந்த வரியை வெள்ளிக்கிழமையிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தேன். வெட்கம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அது வெட்கம் இல்லை.

"அது சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்," என்று தலைவர் கையை நீட்டினார். அண்ணன் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றினார். வளையம் இறுகியிருந்தது. கழற்றச் சிறிது நேரம் ஆனது. அவர் மனைவி எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

திங்கள் காலை, முதலாளி உட்காருமுன் அந்தக் கடிதத்தையும் நாலு ஜோடி ரசீதுகளையும் மேசையில் வைத்தேன். பேச வராமல் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒரு ரசீதை மறுபடி அடித்தும் காட்டினேன். முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கடுதாசி எப்ப வந்துச்சு?"

"மூணு மாசத்துக்கு முன்ன. ஃபைல்ல போடச் சொன்னீங்க."

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. "வேன்ல ஏறு," என்றார்.

அண்ணன் வீட்டு வாசலில் முதலாளி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அண்ணன் அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயா கண்டுபுடிச்ச? எப்ப?"

முதலாளியும் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில," என்றேன்.

அண்ணன் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "பாத்தியா? நம்ம தோட்டத்துப் புள்ள. ஒரு நாளு முந்தித் தெரிஞ்சிருந்தா நேத்து அங்கேயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கும்."

அவர் மனைவி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்தேன்.

முதலாளி சீன இளைஞரைக் கூப்பிட்டு, காசு கொடுத்துப் புது டிஸ்கெட் வாங்கினார். வருடா வருடம் கட்டும் தாளில் அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. "அதான் புதுசு வாங்கியாச்சே," என்றார். இரண்டு வருடத்தில் அதுவும் பழையதாகிவிட்டது. அதன் பிறகு வந்த கடிதங்களை எல்லாம் அகராதியோடு உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன். ரசீது நனைந்தால் கையால் எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறே கோயில் தலைவர் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. "இருக்கட்டும் லா. யாருகிட்ட இருந்தா என்னா, பூட்டு ஒன்னுதானே," என்றார். பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார்கள். அவர் சாகும்வரை வாங்கவில்லை.

கடையில் மறுபடி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். கிராணியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வேணாம், அது கேலி," என்று சொல்லி என்னைத் தங்கச்சி என்றார். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வீட்டுக்கு வருவார். வரும் வழியில் யாரைப் பார்த்தாலும், "என் மானத்தக் காப்பாத்துன புள்ள வீட்டுக்குப் போறேன்," என்பார். அம்மா பெருமையாகக் கதவைத் திறப்பார். நான் உள்ளே தட்டு எடுப்பதுபோல் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வருவேன்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாள். அவரிடம் சொல்ல எத்தனையோ தீபாவளிகள் இருந்தன.