ஜெகபர் அலி பிடுங்கும் ஒயர்கள்

ரைஸ் மில்லுக்குள் நுழைந்ததும் ஜெகபர் அலி முதலாளியைத் தேடுவதில்லை. நேராக கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து ஒயர்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறார். வரைபடத்தில் இல்லாத ஒயர் கண்ணில் பட்டால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "எவன் போட்டான்னு கேக்க மாட்டேன். போட்டவன் நல்லவனாத்தான் இருப்பான்."

ஒரத்தநாட்டுப் பக்கம் பதினாறு மில்களுக்கு இவர்தான் வைத்தியர். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பி.எல்.சி. பெட்டியிடம், "என்னம்மா, யாரு உன்னைய ஏமாத்துனது?" என்று கொஞ்சுவார். வீட்டில் மனைவியிடம் இத்தனை கொஞ்சல் உண்டா என்று கேட்டேன். ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டார்.

குவைத்தில் எண்ணெய் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். "அங்க ஒரு சேஃப்டி ஸ்விட்சை பைபாஸ் பண்ணணும்னா மூணு பேரு கையெழுத்து வேணும். இங்க 'போட்டு விடுங்க பாய்'ங்கிற ஒரு வார்த்த போதும்."

அந்த வார்த்தைக்கு அவரும் ஒருமுறை பணிந்தார். மூன்று வருடம் முன்பு, தை மாதம், துரைராசுவின் மில். ஈரச் சம்பா நெல்லோடு டிராக்டர்கள் ரோடு வரை நின்றன. நெல்லைத் தள்ளும் திருகுத் தண்டின் மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும். அதற்கான ஸ்விட்ச் பழுதாகி, மூடியிருக்கும்போதே மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தது. புது ஸ்விட்ச் வர இரண்டு நாள் ஆகும். ஜெகபர் அலி பேனலில் அந்த ஸ்விட்சுக்குப் பதிலாக விரல் நீள ஒயர் ஒன்றைச் செருகினார். மூடி எப்போதும் மூடியே இருப்பதாக பி.எல்.சி. நம்பிவிட்டது. ஸ்விட்ச் வந்து சேர்ந்தது. சீசன் நெரிசலில் இவர் அதை மாட்டப் போகவில்லை.

ஒன்பதாம் நாள் மோட்டார் தானாக நின்றிருந்தபோது, அங்கே வேலை பார்த்த பொன்னுத்தாய் வழக்கம்போல் மூடியைத் திறந்து வைக்கோல் அடைப்பை எடுத்தார். மூடி திறந்திருந்தால் தண்டு சுற்றாது என்பது அந்த மில்லில் எல்லோருக்கும் தெரியும். அன்று சுற்றியது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று பொன்னுத்தாய் ஆஸ்பத்திரியிலும் சொன்னார், விசாரிக்க வந்தவர்களிடமும் சொன்னார். துரைராசு வாய் திறக்கவில்லை. ஜெகபர் அலியும் கூட்டத்தோடு நின்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். எனக்கு இவரை நிரம்பப் பிடிக்கும். ஆனாலும் இந்த இடத்தில் கோபம் வருகிறது.

போன வாரம் அந்த மில்லுக்கு என்னையும் கூட்டிப் போனார். வாசலில் மேசை போட்டு டிராக்டர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய், வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னைய மாதிரி அவசரப்படாத. என் புத்தி கெட்டதுக்கு நான் அனுபவிக்கிறேன்."

ஜெகபர் அலி நின்றுவிட்டார். பேனல் பக்கம் போகவில்லை. அந்தப் பெண் போனதும் மேசையருகே போய், ஒயர் போட்டதையும் எடுக்காமல் விட்டதையும் சொன்னார்.

பொன்னுத்தாய் கையிலிருந்த டோக்கன்களை மேசையில் வைத்தார்.

"அப்ப நான் அவசரப்படலயா பாய்?"

"இல்லக்கா. மெஷினு ஓடியிருக்கக் கூடாது. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கையை பொன்னுத்தாய் வெளியே எடுத்தார். மணிக்கட்டோடு முடிந்த அந்தக் கையை, வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி, மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டார்.