யோகராணி ஊதிப் பார்த்த வால்வு

செய்தி டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. கார்ச் சாரதி சிவபாலன் தொலைபேசியில் அழுதார். "யோகராணி அக்கா போயிட்டாங்கண்ணே. வண்டி எங்கயும் நிக்கல. ஒரே ஓட்டமா கொண்டு வந்தேன். அப்புடியும் போயிட்டாங்க."

ஹட்டனில் எங்கள் கராஜுக்கு வந்த எல்லோருக்கும் யோகராணியைத் தெரியும். வாகன மின்வேலை அவருடையது, எஞ்சின் வேலை என்னுடையது. ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டே உழைத்தோம்.

போன மாதம் சிவபாலனின் கார் வந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் எஞ்சின் நின்றுவிடும். அந்தக் காரில்தான் மனைவியை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கண்டிக்குக் கூட்டிப்போவார். நடுவழியில் நின்றதால் ஒருமுறை தவறிப்போயிற்று. முகம் வீங்கி, பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார் அந்தப் பெண். "நாளைக்கும் போகலன்னா உசுரு தங்காதுங்க" என்றார் சிவபாலன். நான் பெற்றோல் பம்பை மாற்றினேன். மறுபடியும் நின்றது.

யோகராணி பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது.

"தாங்கிக்குள்ள காத்து போகலைங்க, அதான் பெற்றோல் எஞ்சினுக்கு வரல. காத்து போற வென்ட் வால்வு மூடிக்கிட்டு நிக்குது."

"மூடியத் திறந்துவிட்டே ஓட்டட்டுமே?"

"நோயாளிய வச்சுக்கிட்டா? பெற்றோல் ஆவி தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

காருக்கு அடியில் புகுந்து வால்வைக் கழற்றினார். மின்சாரம் கொடுக்காதபோது அது திறந்திருக்க வேண்டும். குழாய் மாட்டி ஊதினார், காற்று போகவில்லை. புதியது ஊரில் எங்கும் இல்லை. உடைந்த கார்களிலிருந்து கழற்றிய வால்வுகளை ஒவ்வொன்றாக ஊதினார். கடைசியில் ஒன்றில் காற்று தாராளமாகப் போனது. பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் 'டிக்'கென்று மூடியது, எடுத்ததும் திறந்தது. ஊதி முடித்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கத்தினேன்.

"இவங்க போகட்டும். நான் பொறவு போறேன்."

அந்த வால்வை மாட்டிய காரில் சிவபாலனின் மனைவி மறுநாள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார், இன்றும் இருக்கிறார். யோகராணிதான் ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. மார்பு வலி முற்றி தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் விழுந்த அன்று, அதே கார்தான் அவரை ஏற்றிச் சென்றது.

எந்த வண்டி வந்தாலும், தொடுமுன் "இதுல யாரு போறாங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. இன்று காலை வந்த வேன்காரரிடம் கேட்டேன். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க" என்றார். மின்வேலைக்கு யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் அந்த வேனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.