பாலாற்றுக்கு நீலம் கொடுக்காத எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தியைப் பெயின்டர் சேகர்தான் போனில் சொன்னான். ஆற்காட்டில் மகள் வீட்டில் மக்கன் பேடா இனிப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். "காலையில நெஞ்சு வலின்னாங்களாம் சார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போய்ட்டாங்க" என்று அழுதவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "பள்ளிக்கூட மேப்புக்குப் புதுசா பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்காங்க. ஆத்துக்கு இன்னா கலர் சார்?"

டீச்சரிடம் படித்த உங்களுக்கு இந்தக் கேள்வியின் வில்லங்கம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள பள்ளிச் சுவரில் ஊர் வரைபடம் வரைய முடிவானது. அப்போது அங்கே வரலாற்று வாத்தியார் நான், புவியியல் அவர். மலையடிவாரத்தில் ஆற்காட்டு நவாபின் படை தங்கியதென்று ஒரு கூடாரம் வரையச் சொன்னேன்.

"யார் சார் பார்த்தது?"

"ஊர்ல சொல்லுவாங்க டீச்சர்."

"அப்போ சொல்றவங்களை வரைஞ்சிடலாமா?"

கூடாரம் போயிற்று. அடுத்து சேகர் ஆற்றுக்கு நீலம் கலக்கினான். டீச்சர் அவன் கையைப் பிடித்துவிட்டார். "தண்ணியே இல்ல, இன்னாத்துக்கு நீலம்? வெளியூர்க்காரன் இதைப் பார்த்துட்டுத் துண்டை எடுத்துக்கினு குளிக்கப் போவான், பாவம்."

உலகம் பூரா ஆற்றுக்கு நீலம்தான் என்று கத்தினேன். "உலகத்தை விடுங்க சார். பாலத்து மேல நின்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். நான் போகவில்லை. ஆற்றுக்கு மணல் நிறம் அடித்தார்கள். ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஊருக்குக் கீழே கழிவு கலக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு அடிக்க வைத்திருந்தார். ஒரு தோல் தொழிற்சாலை மேனேஜர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார். "பேஜாரா இருக்குது டீச்சர். அந்த இடத்துல ரெண்டு மரம் வரைஞ்சு மறைச்சிடுங்களேன்."

"அங்க மரத்தை நடுங்க, மறுநாளே வரையறேன்."

மனிதர் நிஜமாகவே புங்கங்கன்றுகள் நட்டார். ஆடு மேய்ந்தது போக ஒன்று பிழைத்தது. வரைபடத்தில் கறுப்பு அப்படியே இருக்க, பக்கத்தில் ஒற்றைப் புங்கமரம் நிற்பது அதனால்தான். ஸ்வீட்டை டீச்சர் தொடவில்லை, நான்தான் தின்றேன்.

ஒரு வருஷம் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றுவிட்ட டீச்சரோ சேகரை இழுத்துக்கொண்டு குடையும் நீல டப்பாவுமாகச் சுவருக்கு வந்தார். கொட்டுகிற மழையில் பெயின்ட் நிற்குமா? வழிந்து, வரைபடத்தைத் தாண்டித் தரையில் ஓடியது. "பாருங்க சார், கரையை ஒடச்சிக்கினு போவுது!" என்று சின்னப் பிள்ளையாகக் கைதட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததேயில்லை. தண்ணீர் வடிந்ததும் மறுபடி மணல் நிறம் அடிக்க வைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சேகர் சுவருக்கு முன்னால் காத்திருந்தான். "இனிமே நீங்க சொல்றதுதான் சார். ஒரேயடியா நீலம் அடிச்சிடலாமா?"

இத்தனை வருஷச் சண்டையில் ஜெயிக்க நான் தலையை ஆட்டினால் போதும். மறுத்துப் பேச ஆள் இல்லை. "இரு, வர்றேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அகன்ற மணலின் நடுவே மெல்லிசாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னா பெரியவரே, ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து சேகரிடம், "மணல் கலர் அடி. நடுவுல ஒரு கோடு மட்டும் நீலம்" என்றேன்.

அவன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே கேட்டான்: "பாலத்துக்கு அந்தாண்டப் பக்கமும் தண்ணி ஓடுதா சார்?"

நான் ஒரு பக்கம்தான் பார்த்திருந்தேன். டீச்சர் எனக்கு விட்டுப் போன சொத்து இந்த அலைச்சல்தான் என்று முணுமுணுத்தபடி ஸ்கூட்டரைத் திருப்பினேன்.