பள்ளத்தைப் பார்த்து நிற்கும் வேன்

தலவாக்கலையில் பேட்டரிக் கடை, அதன்மேல் மாடிவீடு, இரண்டு லொறி. தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பில், லயத்துக் காம்பராவில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இவ்வளவையும் தனியாளாக உண்டாக்கினேன். ஆனாலும் அந்த ஸ்கூல் வேன்காரரை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

மெலிந்த ஆள், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. பேட்டரி செத்துப்போனதால் வேனைப் பள்ளத்தைப் பார்த்தே நிறுத்துவார். பிள்ளைகளை ஏற்றியபின் உருட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார். ஒருநாள் சின்னக் கார் பேட்டரி கேட்டு வந்தார்.

“டீசல் வேனுக்கு அது பத்தாதுங்க. இந்தக் குளிருக்கு இழுக்காது,” என்றேன்.

“இழுக்காட்டி என்னங்க முதலாளி, பள்ளம் இழுக்கும்ல?”

“எஞ்சின் ஓடாம உருட்டினா பிரேக் சரியா பிடிக்காதுங்க. உள்ள பிள்ளைங்க இருக்காங்க.”

“இத்தனை வருசமா பிடிச்சிருக்கே,” என்று சிரித்தார்.

விடாமல் பேசி, வேனுக்கு ஏற்ற பெரிய பேட்டரியை நானே பூட்டினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மூடுபனியில் அதே வேன் என்னைக் கடந்தது. உள்ளே பிள்ளைகள் நிறைய. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஆற்றுப்பக்கம் உருண்டு போனது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நாளைக்கு ஏதாவது நடந்தால், சரியான பேட்டரி கொடுத்தவன் நான் என்பதையும் ஊர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.