நான் எண்ணெய் விட்ட பியானோ

கோயமுத்தூரில் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய முப்பதுகளில் நான் ஒரு மில்லில் ஃபிட்டர். நின்றுபோன மெஷின் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது. அதோடுதான் என் மனைவியின் பியானோவிலும் கை வைத்தேன்.

அவள் தாயில்லாப் பெண். மிஷன் போர்டிங்கில் அவளை வளர்த்த வெள்ளைக்காரம்மா சீமைக்குத் திரும்பும்போது, தான் வாசித்த பியானோவைக் கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டுப் போனார். உக்கடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. தினமும் விளக்கு வைத்ததும் அதன்முன் உட்கார்ந்து ஞானப்பாட்டு வாசிப்பாள். வாசிக்கும்போது அந்த அம்மா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் என்பாள்.

ஒரு கோடையில் சுருதி இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு எந்நேரமும் அதே கவலை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்குப் போயிருந்த நேரம் மூடியைத் திறந்து பார்த்தேன். கம்பிகளை முறுக்கி வைத்திருக்கும் ஆணிகள் இருநூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் துரு. அடச்சே, இதற்கா இத்தனை கவலை என்று சிரிப்பு வந்தது. திருகுகிற எதற்கும் எண்ணெய் காட்ட வேண்டும், மில்லில் அதுதான் முதல் பாடம். மில்லில் நூல் சுற்றுகிற ஸ்பிண்டிலுக்கு விடும் எண்ணெயை ஒவ்வோர் ஆணியின் அடியிலும் பொறுமையாகச் சொட்டுவிட்டேன். அவள் திரும்பி வந்ததும் எண்ணெய் வாசனையை மோந்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

ஒரே வாரம். வாசித்தது ஒன்று, கேட்டது ஒன்று. நான் ஸ்பேனர் போட்டு முறுக்குவேன், மறுநாள் தளர்ந்திருக்கும். கடைசியில், ஊட்டியில் துரைமார் பங்களாக்களில் பியானோ சுருதி கூட்டுகிறவரை வரவழைத்தோம். அவர் மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்தார்.

“அட பாவமே! இதுக்குள்ள எண்ணெய் உட்டது யாருங்க? ஆணியைப் புடிச்சு நிறுத்தறதே இந்த மரந்தானுங்க. ஊறிப்போச்சுன்னா எப்படிங்க நிக்கும்?”



“நாந்தானுங்க உட்டேன்,” என்றாள் என் மனைவி. “தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க.”

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நான் ஃபிட்டர் என்பது அவருக்குத் தெரியும், அவள் சொன்னதை நம்பியிருக்க மாட்டார். அப்போதும் பேசாமல் நின்றேன். வெட்கக்கேடு! மெட்ராசுக்கு அனுப்பி ஆணிப்பலகையை மாற்றலாம், ஆனால் பெட்டி பழசு, பிரித்தால் மறுபடி சேருமா என்று சொல்ல முடியாது, வேறொன்று வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“ஏன் அம்மணி உன்மேல போட்டுக்கிட்டே?” என்றேன்.

“வந்தவரு முன்னால உங்களை உட்டுக்கொடுக்கறதுங்களா?”

என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“வேற வாங்கிரலாமா?”

“வேற வந்தா அது அந்தம்மா குடுத்ததாகுங்களா?”

“அப்ப மெட்ராசுக்கே அனுப்பலாமா?”

“பிரிச்சுப்போட்டு, சேராமப் போச்சுன்னா என்னங்க பண்றது?” அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “நீங்களே பாத்துச் சொல்லுங்க. மிஷினைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?” என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகும் நிஜமாகவே என்னை நம்பித்தான் கேட்டாள்.