சனியை ஓரமாக நின்று பார்த்தோம்

சனி கிரகத்தைப் பற்றி மேடையில் பேசும்போது எனக்குக் குரல் நடுங்காது. அது வாயுவால் ஆன உருண்டை, வெகு தொலைவில் இருக்கிறது, யார் தலையிலும் வந்து உட்காராது என்று தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லிவிடுவேன். திருப்பதியில் ஒரு கல்லூரியில் வானியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை, நாங்கள் குடியிருக்கும் சித்தூரில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியை வைத்து ஊராருக்கு வானம் காட்டுவேன். நடுக்கமெல்லாம் வீட்டில்தான்.

போன கார்த்திகைக்கு முந்தைய இரண்டு மாதத்தில் என் ஐந்து வயது மகளுக்கு மூன்று முறை காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம் என்றார் டாக்டர். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், மகளுடைய ஜாதகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஏழரைச் சனி ஆரம்பித்திருக்கிறது என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அவளுடைய ராசியைப் போனில் தேடினேன். அண்ணி சொன்னது கணக்குப்படி சரிதான்.

கார்த்திகை மாத நிகழ்ச்சியில் சனியைக் காட்டுவதாக இருந்தது. விடுமுறை என்பதால் சனிக்கிழமையாக வைத்திருந்தேன்.

“சனிக்கெயமையில சனியக் காட்டறியா? நல்லாத்தான் நாளு பாத்து வச்சிருக்கே,” என்றார் அண்ணி. “ஊருக்கெல்லாம் காட்டு, நான் வேணாம்னு சொல்லல. கொயந்தைக்கு மட்டும் வேணாம்மா. கோயில்லயே அவருக்கு நேரா நிக்கமாட்டோம். நீ இன்னாடான்னா பெருசு பண்ணி வேற காட்டறே.”

“அது வெறும் வெளிச்சம் அண்ணி,” என்றேன். ஆனாலும் மகளிடம், “உனக்கு நிலா காட்டறேன்,” என்று மட்டும்தான் சொன்னேன். அண்ணி மனசு நோகக் கூடாது, அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேச்சு முடிந்து வரிசை நின்றது. சிலர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்கள். சனியின் வளையம் இந்த முறை விளிம்பைக் காட்டி நின்றதால் மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. “வளையம் எங்க மேடம்?” என்று கேட்டவர்களிடமெல்லாம் நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் பார்த்துவிட்டு நகராமல் நின்றாள்.

“மேடம், மீ பாப்ப சூசிந்தா?” உங்கள் பாப்பா பார்த்தாளா என்று கேட்கிறாள். பிறகு தமிழுக்கு மாறினாள். “இவனுக்கு ஏழரை நடக்குது மேடம். உங்க பாப்பா பாத்திருந்தா இவனுக்கும் காட்டறேன்.”

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு மணி நேரம் மைக்கில் நான் பேசியதெல்லாம் இப்போது இந்த ஒரு பதிலில் நின்றது. என் மகள் பின்னால் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ‘அப்புறம் பார்ப்பாள்’ என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி எழுந்து வந்தார். தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அவரு எங்க கீறாரு?”

தெற்கே, வகுப்பறைக் கூரைக்கு மேலே காட்டினேன்.

“நாம எங்க கண்ணு வைக்கணும்?”

குழாயின் பக்கவாட்டில் இருந்த சிறிய துளையைக் காட்டினேன். உள்ளே இருக்கும் கண்ணாடிகள் வெளிச்சத்தைத் திருப்பி அங்கேதான் அனுப்பும். பார்ப்பவர் குழாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அண்ணி இரண்டு கைகளையும் நீட்டித் திசையை அளந்தார்.

“அப்போ நாம அவருக்கு நேரா நிக்கல. கோயில்ல நிக்கிறாப்பல ஓரமாத்தான் நிக்கிறோம். இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? படிச்சதுங்க முக்கியமானத உட்டுட்டு வாயு, கீயுன்னு பேசிக்கினு இருக்கும்.”

கண்ணாடியின் அமைப்பை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. பயப்பட வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுவல்ல அண்ணி என்று அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. இது நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

அண்ணியே என் மகளை ஸ்டூலில் ஏற்றினார். அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா, லட்டுல குச்சி குத்தி வச்சிருக்காங்க.”

வரிசை சிரித்தது. அந்தப் பெண் தன் மகனின் முகத்தை முந்தானையால் துடைத்து, துளையருகே கொண்டுபோனாள். அவன் சனியைப் பார்க்காமல் குழாயை நக்கப் பார்த்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் நெற்றியில் இரண்டு முறை கை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை அண்ணி பார்த்துவிட்டார்.

“சனி ஒண்ணியும் பண்ணாதுன்னு மைக்ல சொன்னது யாரு?”

“காத்து அடிக்குது அண்ணி. அதான்.”

“ஆமா, காத்துதான்.” நெற்றியில் இருந்த என் கையைப் பார்த்தார். “சில்லுனுதானே கீது?”

“சில்லுனுதான்.”

அண்ணி கையை நீட்டி, தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.