அந்தத் தீவின் குரலை நான் கேட்கவில்லை

ருக்குமணி கேட்டதை, நான் கேட்டதாக எழுதி அனுப்பினேன்.

ஆம்... அந்தத் தீவு வானொலியின் குரல் என் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. ஆனால் நான் அதைக் கேட்டேன் என்று சான்று சொல்லும் அட்டை, என் பெயரைத் தாங்கி என் வீட்டில் இருக்கிறது. கேட்டவளின் வீட்டில் இல்லை.

உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஒரு வானொலி, ஓர் அட்டை... இதற்கா இத்தனை புலம்பல்? பொறுங்கள். ருக்குமணி யாரென்று முதலில் சொல்கிறேன். பிறகு தீர்ப்பளியுங்கள்.

நான் மதுக்கரையில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிற்றலை வானொலி கேட்டு வருகிறேன். பொழுதுபோக்கு என்று பிறர் சொல்வார்கள். எனக்கு அது பித்து! எங்கோ ஒரு நாட்டில் ஒருத்தி பேசுகிறாள். அவள் குரல் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, கடல்களைத் தாண்டி வந்து என் அறையில் ஒலிக்கிறது. கைபேசியைத் தட்டினால் உலகமே கிடைக்கிற இந்த நாளிலும் அந்த வியப்பு எனக்கு அடங்கியதில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொலைதூர நிலையம் ஒன்று கேட்டால், எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், என்னென்ன கேட்டது என்று அந்த நிலையத்துக்கு எழுதுவோம். அவர்கள் தங்கள் ஒலிபரப்போடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, ‘நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று ஓர் அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைகளே எங்கள் சொத்து.

ருக்குமணியைக் கோவையில் நடந்த நேயர் சந்திப்பு ஒன்றில்தான் முதலில் பார்த்தேன். காங்கேயத்துக்கு அருகே அவளும் அவள் கணவரும் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார்கள். உடைத்த தேங்காயை வெயிலில் காயவைத்து, கொப்பரையாக்கி, எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பும் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். என் வயதுதான் இருக்கும்.

ஒருமுறை அவள் களத்துக்குப் போனேன். மோட்டார் அறை முகட்டிலிருந்து வேப்பமரம் வரை ஒரு செப்புக் கம்பி. அதன் நுனியில் பழைய வானொலிப் பெட்டி. அவ்வளவுதான் அவளுடைய கருவி! என் வீட்டில் இருப்பதோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டி. ஆனால் எங்கள் தெருவில் இன்வெர்ட்டர்களும் எல்.இ.டி. விளக்குகளும் பெருகிய பின் அதில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

அவள் எண்ணெய் பிசுபிசுத்த விரலால் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். எனக்குக் கேட்டது மழை பெய்வது போன்ற ஓசை மட்டுமே.

“சித்த இருங்க டீச்சர்... உள்ள ஒரு ஆளு பேசுதுங்க” என்றாள்.

பத்து நிமிடம் கழித்து, அந்த மழைக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் எழுந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்குப் பத்து நிமிடம் முன்பே அவள் அதைக் கேட்டுவிட்டாள்! அப்படி ஒரு செவியை நான் எங்கும் கண்டதில்லை. மொழி தெரியாமலே, மூச்சு விடும் விதத்தையும் சொல் முடியும் விதத்தையும் வைத்து எந்த நாடு என்று சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். புரியாத மொழிகளின் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அப்படி அப்படியே எழுதியிருந்தாள். இடையிடையே கோடுகள்.

“இதென்ன கோடு?”

“அந்த எடத்துல கேக்கலீங்க. கேக்காததை எப்புடீங்க எழுதறது?”

அந்தச் சொல்லின் உயரத்தை அன்று நான் உணர்ந்தேன்... உணர்ந்தும், பின்னர் நான் செய்ததைப் பாருங்கள்!

பசிபிக் கடலில் ஒரு சிறிய தீவு நாடு. அதன் வானொலி தன் சிற்றலை ஒலிபரப்பை மூடப்போகிறது என்று செய்தி வந்தது. வலுக் குறைந்த நிலையம். எங்கள் வட்டத்தில் எவருக்கும் அது சிக்கியதில்லை. நான் பல ஆண்டுகள் முயன்று தோற்றிருந்தேன். ஆளுக்கு ஆள் அதைத் தேடத் தொடங்கினோம்.

ஒரு பங்குனி மாலை, பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில், ருக்குமணி அழைத்தாள்.

“ஏனுங்க டீச்சர்... அந்தத் தீவு கேட்டுப்போட்டுதுங்க!”

“எந்தத் தீவு?”

“மூடப் போறாங்கன்னு சொன்னீங்கல்லங்க, அதேதானுங்க. களத்துல கொப்பரைய அள்ளிக்கிட்டு இருந்தமுங்க. ஒரே கரகரப்பு. திடீர்னு ஒரு பொம்பள பேசுச்சுங்க. நம்ம ஆளுக நாலு பேரும் கூடைய அப்படியே வெச்சுப்போட்டு நின்னு கேட்டாங்க!”

“அதுதான்னு எப்படித் தெரியும்? பேர் சொன்னாங்களா?”

“ரெண்டு தடவ சொன்னாங்க, எழுதி வெச்சிருக்கறனுங்க. பொறவு ஒரு பாட்டு... சாமி பாட்டாட்ட இருந்துதுங்க. பாடிக் காட்டட்டுங்களா?”

பாடினாள். சொல் இல்லாமல் மெட்டு மட்டும். எங்கள் மாதா கோவிலில் நற்கருணை வேளையில் நாங்கள் பாடும் அதே மெட்டு! பாடகர் குழுவில் நிற்கும் எனக்கு அதில் ஐயமே எழவில்லை. வேதம் அறியாத ஒரு களத்துக்காரி, எங்கோ கடலுக்கு அப்பால் பாடிய துதிப்பாடலை ஒரு சுரமும் பிசகாமல் கொண்டுவந்து என் காதில் சேர்த்தாள்.

மறுநாள் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். ‘போட் நாட் கமிங் தர்ஸ்டே’ என்று தமிழில் எழுதியிருந்தாள். தீவுகளுக்கிடையே ஓடும் படகு வியாழக்கிழமை வராது என்ற அறிவிப்பு. இடையிடையே அதே கோடுகள்.

“இங்கிலீசுல எழுதி அவியளுக்கு அனுப்பிப்போடுங்க டீச்சர். இங்க ஒருத்தி கேட்டான்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியட்டுமுங்க.”

சனிக்கிழமை காலை கணினி முன் அமர்ந்தேன். நம்புங்கள், அவளுக்காகத்தான் அமர்ந்தேன்! அவள் கேட்டதையெல்லாம் என் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். கொப்பரை அள்ளிக்கொண்டிருந்தது, கூடைகளை இறக்கிவைத்து நின்றது, எல்லாம். கடைசியில் கேட்டவரின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும்.

என் பெயரை அடித்தேன்.

ஏன்? இத்தனை நாளாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன்... பொறாமையா? இருபது ஆண்டு உழைத்த எனக்குக் கிடைக்காதது, பழைய பெட்டி வைத்திருந்தவளுக்குக் கிடைத்ததே என்ற ஆற்றாமையா? ‘எழுதியது நான்தானே’ என்ற திமிரா? எல்லாமும்தான்!

பெயரை அடித்த பின் மீண்டும் ஒருமுறை படித்தேன். கொப்பரை வரியில் கண் நின்றது. மதுக்கரை ஆசிரியைக்கு ஏது கொப்பரை? அதை நீக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் அதைவிட அழகான வரி இல்லை. அதையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் என்னுடையது போகட்டும், நாளை அவள் பெயரில் ஒன்று அனுப்பலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மறுநாள்தான் உறைத்தது... ஒரே படகு, ஒரே பாட்டு, ஒரே கொப்பரை! இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று களவு என்று தெரிந்துவிடுமே! ஆகவே அவளுடையதை அனுப்பவே இல்லை.

“அனுப்பிப்போட்டீங்களா டீச்சர்?” என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டாள்.

“அனுப்பிட்டேங்க.”

அந்த மாதக் கடைசியில் அந்த நிலையம் தன் சிற்றலையை நிறுத்திக்கொண்டது. மூன்று மாதம் கழித்து எனக்கு ஓர் உறை வந்தது. அட்டையோடு, கையால் எழுதிய ஒரு கடிதமும் இருந்தது. எழுதியவர், அன்று மாலை ஒலிபரப்பில் பேசிய அதே பெண்.

நேயர் சந்திப்பில் அட்டை கைக்குக் கை மாறியது. கடிதத்தை மட்டும் நான் கையிலேயே வைத்துக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான்... நான் தலை தாழ்த்தி வணங்கினேன்! இரண்டு பேருந்து மாறி வந்திருந்த ருக்குமணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பற்றினாள்.

அவள் கண்களைப் பார்க்க அஞ்சினேன். ஆனால் அவற்றில் இருந்தது மகிழ்ச்சி! கலப்பில்லாத மகிழ்ச்சி!

“நீங்களும் கேட்டீங்களா டீச்சர்! ஏனுங்க, எங்கிட்டச் சொல்லவே இல்ல? அப்ப நான் கேட்டது நெசந்தானுங்க! எங்க ஊட்டுக்காரரு, சிலோன் ரேடியோவாத்தான் இருக்கும்னு ஒரே சிரிப்பு. இனி வாயே தொறக்க மாட்டாருங்க!”

“உங்களுக்கும் வரும்...” என்று முனகினேன்.

“வராட்டியும் பரவால்லீங்க. தபால்ல எங்கியாச்சும் தொலஞ்சிருக்கும். அந்தக் கடுதாசியில என்னங்க எழுதியிருக்குது? படிச்சுச் சொல்லுங்க.”

இப்போது சொல்லப்போவதுதான் என் பெரிய பாவம். பெயரை மாற்றியது ஒரு கண நேரச் சபலம் என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். இதை எப்படி மன்னிப்பீர்கள்?

ஒரு மூலையில் நின்று அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். வணக்கம் சொல்லியிருக்கிறார்... நன்றி சொல்லியிருக்கிறார்... இவ்வளவு தொலைவிலிருந்து கடிதம் வந்ததில் நிலையத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்கிறார்...

அடுத்த வரிகளில் என் நா நின்றது.

அந்தப் பெண் எழுதியிருந்தார்: ‘நீங்கள் கொப்பரை அள்ளிக்கொண்டே என்னைக் கேட்டதாக எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். எங்கள் தீவிலும் கொப்பரைதான் பிழைப்பு. என் அம்மா கொப்பரை உலர்த்தித்தான் என்னைப் படிக்கவைத்தாள். உங்கள் ஊரிலும் மழை மேகம் கண்டால் ஓடிப்போய் அள்ளுவீர்களா?’

ருக்குமணிக்காக, ருக்குமணிக்கு மட்டுமே எழுதப்பட்ட வரிகள்! அதைப் படித்தால் நான் அகப்பட்டுவிடுவேன். தாண்டிவிட்டேன்.

“அவ்வளவுதானுங்களா?” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அவ்வளவுதான்.”

இரைச்சலுக்குள் மறைந்த குரலைக் கேட்கும் செவி அது. என் குரலில் இருந்ததை அது கேட்கவில்லை என்று நான் எப்படி நம்புவேன்?

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. மழை வந்தால் கொப்பரையை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதே!

சில மாதங்களுக்கு முன் ருக்குமணி மீண்டும் அழைத்தாள். ஆப்பிரிக்காவின் ஒரு மூலையிலிருந்து வேறொரு நிலையம் கேட்டிருக்கிறது. படங்களை அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னாள்:

“இதை உங்க பேருலயே அனுப்பிப்போடுங்க டீச்சர். உங்க பேருக்குத்தான் பதில் வருதுங்க.”

தெரிந்து சொன்னாளா? தெரியாமல் சொன்னாளா? அவள் மனத்தில் வஞ்சம் இருந்து நான் கண்டதில்லை. தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாள் என்று தோன்றுகிறது... அதுதான் என்னைக் கொல்கிறது.

“இல்லீங்க ருக்குமணி, உங்க பேர்லதான் அனுப்புவேன்” என்றேன். அப்படியே அனுப்பினேன். பதில் காங்கேயத்துக்கே வந்தது. நூறு தடவையாவது எனக்கு நன்றி சொல்லியிருப்பாள். ஒவ்வொரு நன்றிக்கும் நான் ‘பரவாயில்லீங்க’ என்றேன்... எவ்வளவு பெருந்தன்மை, பார்த்தீர்களா!

இதனால் எதுவும் நேராகிவிடவில்லை. அந்தத் தீவு இனிச் சிற்றலையில் பேசாது. அன்று மாலை ஒருமுறை நிகழ்ந்தது. அதை அவளிடம் திருப்பித் தர என்னால் ஆகாது. அந்தக் கடிதத்தை மட்டுமாவது கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு முறை காங்கேயம் பேருந்தில் ஏறினேன். இரண்டு முறையும் பாதி வழியில், பல்லடத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

ருக்குமணி என்பது அவள் பெயரல்ல.

அவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று மாற்றியதாகச் சொல்லிக்கொள்ள ஆசை. பொய்! எவரேனும் அவளிடம் இதைக் காட்டிவிடுவார்களோ என்ற அச்சம்தான். உண்மையைச் சொல்ல உட்கார்ந்த இடத்திலும், அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் நான் வேறொரு பெயரை எழுதினேன்.